மருதோன்றிக் கை

செவ்வாய்க்கிழமை இரவு, இஷா தொழுதபின்.

பௌசியாவுக்கு இன்றோடு ஐந்து நாள் காய்ச்சல். கல்யாணம் முடித்த இருபது வருடத்தில் அவள் இப்படிப் படுத்துக் கிடந்ததில்லை. சோதனையில் டெங்கு இல்லை என்று வந்தபிறகு, வேறு என்னவென்று தெரியாமல் எனக்குப் பயம் கூடியது.

இன்று புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். "வீட்டில ஆடு இருக்கா?" என்று கேட்டார் பெண் டொக்டர்.

"ஓம், நாலு. உண்ணி புடிச்சா நான்தான் கையால எடுப்பன்" என்றாள் பெருமையாக.

டொக்டர் உடனே அவளுடைய உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார். இரண்டும் ஒரே சிவப்பு. பெருநாளுக்கு நான் போட்டுவிட்ட மருதோன்றி. எனக்குப் பூவும் கொடியும் வராது, கை முழுக்க அப்பிவிடுவேன்.

"சரி, பாதத்தைக் காட்டுங்க."

வெடிப்பு என்று வெட்கப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டாள். நான்தான் செருப்பைக் கழற்றிக் காட்டினேன். பாதமெங்கும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கையிலும் இருந்திருக்கும். என் மருதோன்றி மறைத்துவிட்டது.

உண்ணிக் காய்ச்சலாகத்தான் இருக்கும் என்றார் டொக்டர். கொழும்புக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாதென்று இன்றே குளிசை தந்தார். இரண்டு நாளில் காய்ச்சல் விடவேண்டுமாம். விடாவிட்டால் என்று நான் கேட்கவில்லை.

உடம்பு இன்னும் சுடுகிறது. குளிசையை விழுங்கிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"அடுத்த பெருநாளைக்கும் நீங்கதான் போட்டுவிடணும். ஒரு கைக்குப் போதும். மத்தது டொக்டர் பாக்கிறதுக்கு இருக்கட்டும்."