உள்பக்கத் தாழ்ப்பாள்

10.11.91, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் ஜெபக்குழுவில் நாலு பேர் சேக்காட்டுக்குப் போய், நண்பன் தேவராஜ் வீட்டின் ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றினோம். கைவேலையும் ஊழியம்தான் என்று ஜெபித்து வேலையை ஆரம்பித்து வைத்தவனே அவன்தான். உருக்கமாக ஜெபிப்பான்.

அவன் வெளியே ஓடு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவன் மனைவி ரோசி என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அண்ணே, கூரை ஒழுவுனா ஒழுவட்டும். இந்த ரூமுக்கு உள்ளாற ஒரு தாப்பா போட்டுக் குடுங்கண்ணே. நானும் பாப்பாவும் படுக்கிற ரூமு.”

கையில் கன்றிப்போயிருந்த காயத்தை அவள் மறைக்கவில்லை. கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டினேன்.

தேவராஜ் வந்து பார்த்தான். “உள்ளாற இன்னாத்துக்குடா தாப்பா?”

“காத்துல கதவு அடிச்சுகினே கீது மச்சான்.”

அவன் தாழ்ப்பாளை ஒரு தரம் போட்டுத் திறந்து பார்த்தான். வேலை முடிந்து எல்லோரும் கைகோத்து அந்த வீட்டுக்காக ஸ்தோத்திரம் சொன்னோம். ரோசி ஆமென் சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

இப்போது மழை வலுத்துவிட்டது. கூரை ஒழுகாது. ஆனால் அந்தக் கதவின் நிலைச்சட்டம் கரையான் அரித்துக் கிடக்கிறது. கடையில் கிடைத்ததும் சின்னத் திருகாணிதான். ஆண்டவரே, ஓர் உதையையாவது அது தாங்க வேண்டும்.