பிள்ளைத்துண்டில் பஸ் தரிப்பிடம் வேண்டாம்

அனுப்புநர்:
அ. லெ. முனீப்,
முச்சக்கரவண்டிச் சாரதி,
(முன்னாள் செயலாளர், துறைமுக வாயில் முச்சக்கரவண்டிச் சங்கம்)
இல. 41/3, பழைய சந்தை ஒழுங்கை,
திருகோணமலை.

பெறுநர்:
இணைப்பதிகாரி அவர்கள்,
உல்லாசக் கப்பல் வருகை ஏற்பாட்டுக் குழு,
திருகோணமலை.

விடயம்: துறைமுக உள்வீதி வளையும் முடக்கில் சிறு பிள்ளைகள் அடக்கப்பட்டுள்ள நிலத்தைக் கப்பற் பயணிகளின் பஸ் தரிப்பிடமாக மாற்றும் வேலையை 15.02.2025 இற்கு முன் நிறுத்தக் கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இதே கையெழுத்தில் ஒரு மனு ஏற்கெனவே தங்கள் அலுவலகக் கோவையில் இருக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்கு வரவேண்டும் என்று கடந்த ஆகஸ்ட் மாதம் 212 பேரின் ஒப்பத்துடன் தரப்பட்ட அம்மனுவை எழுதியவன் நான்தான். நன்றாக எழுதப்பட்ட மனு என்று தாங்கள் கூட்டத்தில் பாராட்டியதாக அறிந்து, ஒரு மாதம் வரை அதைப் பார்த்தவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். இன்று எழுதுவது என் சொந்தக் குற்றத்தைப் பற்றியது. ஆதலால் வசனம் எங்காவது தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

2. கப்பல் வேண்டும், வேண்டாம் என்ற கதை எங்கள் ஊரில் ஆறு மாதமாக நடந்தது. விடுதிக்காரரும் நாங்களும் ஒரு பக்கம். கடற்றொழிலாளரும், கோட்டையும் கோயில் வாசலும் இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் ஏறி இறங்கினால் தாங்காது என்றவர்களும் மறுபக்கம். கூட்டத்தில் கடற்றொழிலாளர் சார்பாக எழுந்த சூசைப்பிள்ளை அண்ணன், "கப்பல் வாற நாளில வள்ளம் இறக்க ஏலாது எண்டுறீங்கள். இப்ப ஒரு நாள் எண்டுவீங்கள், பிறகு மாதத்தில எட்டு நாளாகும். இது சின்ன ஊர். இதுக்குள்ள எதை எங்க தள்ளி வைக்கப் போறீங்கள்?" என்று கேட்டார். நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு நாள் தொழிலுக்குப் போகாட்டி அண்ணன் மெலிஞ்சா போயிடுவார்?" என்றேன். அவர் நல்ல உடம்புக்காரர். சபை சிரித்தது, அவரும் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். அவர் கேட்ட கேள்விக்கு அன்று ஒருவரும் பதில் சொல்லவில்லை.

3. முதற் கப்பல் 19.01.2025 ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முதல்நாள் துறைமுக உள்வீதியைத் துப்புரவாக்கும் சிரமதானத்தை எனது சங்கம் பொறுப்பெடுத்தது. முப்பது பேர்வரை வந்தார்கள், பெரும்பாலோர் கப்பல்துறை, சீனக்குடாப் பக்கத்து இளைஞர். எங்கள் முஸ்லிம் அடக்கஸ்தலமான மையவாடியின் மதிலுக்கு வெளியே, வீதிக்கும் கடலுக்கும் இடையில், இருபது பேர்ச் பரப்பளவில் ஒரு பற்றைக் காணி இருந்தது. மாரி மழைக்குப் பட்டிப்பூவும் கற்றாழையும் இரண்டு மூன்று செவ்வரத்தையும் மண்டிக் கிடந்தன. புல்வெட்டும் இயந்திரத்தை வாங்கி நானே வெட்டினேன். அடியில் உள்ளங்கை அளவான முருகைக்கற்கள் அங்குமிங்கும் புதைந்திருந்தன. பழைய மதில் இடிந்து சிதறிய கல் என்று எண்ணி, எல்லாவற்றையும் பொறுக்கிச் சுண்ணாம்பு அடித்து, வீதியோரம் அழகுக்காக வரிசையாய் வைத்தோம். அந்த யோசனையும் என்னுடையதே. துப்புரவாக்க முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் ஒன்றாக்கிக் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். தங்கள் அலுவலகத்திலிருந்து கைதட்டும் படம் வந்தது.

4. அது பற்றைக் காணி அல்ல ஐயா. எங்கள் பெண்கள் அதைப் பிள்ளைத்துண்டு என்பார்கள். முன்னொரு காலத்தில் வீதியை அகலமாக்கியபோது மையவாடியிலிருந்து பிரிந்து மதிலுக்கு வெளியே போன நிலம். பெயர் வைக்கும் ஏழாம் நாளைக் காணாமல் மௌத்தான பிள்ளைகளை அங்கேதான் அடக்கினார்கள். தலைமாட்டில் ஒரு சிறு கல், கால்மாட்டில் ஒரு சிறு கல், நடுவில் ஒரு செடி. அந்தச் செடியைத் தாய் தன் குசினி வாசலில் பிடுங்கி, அடக்கப் போகிற ஆண்களிடம் கொடுத்தனுப்புவார். எங்கள் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. வீதியால் போகும்போது தம் செடி எது என்று தூரத்தில் பார்த்து, மனதுக்குள் துஆ ஓதிக்கொண்டு போவார்கள். அதற்காகத்தான் செடி. இவ்வளவும் எனக்கு மூன்று கிழமைக்கு முன்புதான் தெரியும்.

5. என் பிள்ளையும் அங்கே இருக்கிறது. நான் கிண்ணியாவில் பிறந்து, கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மனைவியின் ஊரான இங்கு குடிவந்தவன். 2013 ஆம் ஆண்டு நான் கட்டாரில் வேலை செய்த காலத்தில் எங்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நான்கு நாள் இருந்தது. என் தம்பி றிப்தி வந்து அடக்கினான். "எல்லாம் நல்லபடி முடிஞ்சுது நானா" என்று தொலைபேசியில் சொன்னான். எங்கே என்று நான் கேட்கவில்லை. 2015 இல் ஊர் திரும்பிய பின்னும் கேட்கவில்லை. கேட்டால் என் மனைவி சுஹைரா அழுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் அழுதுவிடுவேன் என்றுதான் பயந்தேன்.

6. சுஹைரா என் ஓட்டோவில் ஏறினால், சந்தைக்கானாலும் ஆஸ்பத்திரிக்கானாலும், "கடற்பக்கத்து ரோட்டால போங்க" என்பார். அது சுற்றுவழி. "நீ காத்து வாங்க நான் பெற்றோல் ஊத்திறதா?" என்று ஒன்பது வருடமாகப் புறுபுறுத்திருக்கிறேன். அவர் ஒருநாளும் மறுமொழி சொன்னதில்லை. அந்த முடக்கு வந்ததும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்ப்பார். பிள்ளையின் தகப்பனுக்கு இடம் தெரியாமல் இருக்குமென்று அவர் நினைக்கவே இல்லை. பிள்ளையைப் பற்றிப் பேச எனக்கு மனமில்லை, அதனால்தான் புறுபுறுக்கிறேன் என்று நினைத்து, என் பொருட்டு வாய்மூடி இருந்திருக்கிறார்.

7. கப்பல் வந்த அன்று காலை, கடல் தெரியும் இடமெல்லாம் அது வெள்ளை மதில் கட்டியதுபோல் நின்றது. பயணிகள் முன்கூட்டியே ஒழுங்குசெய்த பஸ்களில் ஏறிப் போனார்கள். எங்கள் ஓட்டோக்கள் நண்பகல்வரை வரிசையில் காய்ந்தன, ஒருவரும் ஏறவில்லை. சும்மா நிற்பானேன் என்று வீட்டுக்குப் போய், "வா, நான் கூப்பிட்ட கப்பலைக் காட்டுறன்" என்று சுஹைராவை ஏற்றிவந்தேன். முடக்கில், "நிப்பாட்டுங்க" என்றார். வெள்ளைக் கல் வரிசையைப் பார்க்கத்தான் என்று நினைத்து, "எப்பிடி நம்மட வேலை?" என்று கேட்டேன். "எண்ட செடி எங்க?" என்றார். என்ன செடி என்று கேட்டேன். அப்போது என் முகத்தைப் பார்த்தார். பதினொரு வருடமாக எனக்குத் தெரியாது என்பதை அந்த இடத்தில்தான் அவர் அறிந்தார்.

8. அவர் இறங்கி உள்ளே நடந்தார். வாழ்க்கையில் முதற் தடவையாக அந்த மண்ணில் கால் வைத்தார். நடுவில் நின்று, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அந்நேரம் பயணிகளின் பஸ்கள் வரிசையாக வந்து முடக்கில் மெதுவாயின. கண்ணாடிக்குள் இருந்தவர்கள் அவரைப் படமெடுத்தார்கள், சிரித்துக் கை அசைத்தார்கள். அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. சுஹைரா மரியாதை தெரிந்த பெண். கண்ணீர் வடிந்துகொண்டிருக்க அவரும் கையைத் தூக்கி அவர்களுக்கு அசைத்தார். பஸ்கள் போன பின்புதான் மண்ணில் உட்கார்ந்தார். நான் ஓட்டோவிலிருந்து இறங்கவில்லை ஐயா. இறங்கினால் எவருடைய பிள்ளையின் மேல் மிதிப்பேனோ என்று இருந்தது.

9. கற்களைத் திருப்பி வைத்துவிடலாம் என்று அன்று பின்னேரமே சுண்ணாம்பைக் கழுவத் தொடங்கினேன். ஐம்பத்திரண்டு கற்கள். எல்லாவற்றையும் கழுவி முடித்த பிறகுதான், எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். மறுநாள் றிப்தி வந்து மதிலிலிருந்து காலடி அளந்தான். "இதிலயோ, அங்கால கொஞ்சம் தள்ளியோ" என்று இரண்டு தரம் அளந்துவிட்டு, "நானா, செடிய வச்சுத்தான் எனக்கு இடம் தெரியும். இனி எனக்கும் ஏலாது" என்றான். அதன்பின் வீடு வீடாகப் போனேன். எங்களைத் தவிரப் பதினெட்டுக் குடும்பங்கள் தங்கள் பிள்ளை அங்கே இருப்பதாகச் சொன்னார்கள். நஜ்முன் நிஸா என்ற மூத்த தாய்க்கு அங்கே இரண்டு பிள்ளைகள். அவர் என்னை உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்து, "தெரியாமச் செஞ்சதுதானே மகன்" என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

10. இந்நிலையில் 03.02.2025 திகதியிட்ட தங்கள் குழுவின் அறிவித்தல் கிடைத்தது. அடுத்த கப்பல் 23 ஆம் திகதி வருவதற்கு முன்பாக, எட்டுப் பஸ்கள் நிற்கத்தக்கதாக அந்நிலத்தில் கிறவல் பரப்பித் தார் போடப்படும் என்றும், 15 ஆம் திகதி மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் வரும் என்றும் அதில் உள்ளது. நிலத்தின் தன்மை "துப்புரவு செய்யப்பட்ட, பயன்பாடற்ற வெற்றுக் காணி" எனக் காட்டப்பட்டுள்ளது. அதற்கு ஆதாரமாக இணைக்கப்பட்ட படம் நான் எடுத்த படம். தங்கள் உத்தியோகத்தர் எவரையும் நான் குறைகூற வரவில்லை. அவர்கள் பார்க்க வந்தபோது அது வெற்றுக் காணியாகத்தான் இருந்தது. ஆக்கியவன் நான்.

11. கடந்த வெள்ளிக்கிழமை தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது இரண்டு மாற்றுவழிகள் சொல்லப்பட்டன. ஒன்று, எச்சங்களைத் தோண்டி எடுத்து மதிலுக்கு உள்ளே அடக்குவது. எங்கே தோண்டுவதென்று காட்ட ஊரில் இனி ஒருவரும் இல்லை. முழு நிலத்தையும் பெக்கோ போட்டுக் கிண்டினால், கிண்டுகிற மண்ணில் எது பிள்ளை என்று யார் சொல்வது? நான்கு நாட் பிள்ளையின் எலும்பு எவ்வளவு இருக்கும் ஐயா? மற்றது, தரிப்பிடத்தின் ஓரத்தில் மும்மொழியிலும் ஒரு நினைவுப்பலகை வைப்பது. நல்லெண்ணத்தில் சொன்னது என்பது விளங்குகிறது. ஆனால் பலகையைப் படிக்கிறவர் நிற்கும் இடத்தில்தான் பிள்ளைகள் கிடக்கிறார்கள். அதற்கு நாங்கள் சம்மதிக்க ஏலாது.

12. எனது சங்கம் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கியுள்ளது. கப்பலுக்கு ஊரைக் கூட்டினவனே இப்போது கல்லுக்கு அழுகிறான் என்று வாயிலில் சொல்லுகிறார்கள். சொல்லட்டும், சரியாகத்தான் சொல்லுகிறார்கள். சூசைப்பிள்ளை அண்ணன் மட்டும் வீட்டுக்கு வந்து, "எங்க ஒப்பம் வைக்கிறது, காட்டும்" என்றார். அன்று கூட்டத்தில் நான் சொன்னதை அவர் சொல்லிக்காட்டவில்லை. அவரும் அவரோடு தொழில் செய்யும் பதினாறு பேரும் இம்மனுவில் ஒப்பமிட்டுள்ளனர்.

13. கப்பல்கள் வருவதா, எத்தனை வருவது என்பதைத் தீர்க்க நான் தகுதியற்றவன். கடந்த மனுவிலுள்ள 212 ஒப்பங்களில் என்னுடையதை மட்டும் வெட்டிவிடுமாறு கேட்கிறேன். அதைவிட வேண்டுவது இவ்வளவே: 15 ஆம் திகதி பெக்கோ வரக்கூடாது. பஸ்களுக்குச் சந்தைக்குப் பின்னாலுள்ள வெறும் வளவையோ வேறெந்த இடத்தையோ ஒதுக்குங்கள். இந்த இருபது பேர்ச்சைச் சுற்றி இடுப்பளவில் ஒரு வேலி போட எங்களுக்கு அனுமதி தாருங்கள். அடுத்த முறை ஊரில் ஓர் இடத்தைத் துப்புரவாக்க முன், அந்த இடத்தைக் கடந்து தினமும் போகிற பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்க உத்தரவிடுங்கள். நான் கேட்டிருந்தால் இந்த மனுவே இல்லை.

14. பிள்ளைத்துண்டில் பிள்ளை உள்ள பத்தொன்பது தாய்மாரில் பதினெட்டுப் பேரின் ஒப்பம் இத்துடன் உள்ளது. மீதி ஒருவர் என் மனைவி. தாளை நீட்டியபோது வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "கையெழுத்து வச்சா, உங்கட புள்ள எந்த இடம் எண்டு கேப்பாங்க. நான் எதைக் காட்டுறது?" என்றார். ஆகவே அவரது ஒப்பத்துக்கான இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. அதைக் குறைபாடு என்று காட்டி மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று தங்களை இரந்து கேட்கிறேன்.

இணைப்பு: தாய்மார் பதினெட்டுப் பேரின் ஒப்பம், கடற்றொழிலாளர் பதினேழு பேரின் ஒப்பம்.

இடம்: திருகோணமலை
திகதி: 10.02.2025

தங்கள் உத்தரவு வரும்வரை அந்த முடக்கிலேயே நிற்கும்,

(ஒப்பம்)
அ. லெ. முனீப்
நான்கு நாள் இருந்த பெண்பிள்ளையின் தகப்பன்