அக்கறை – ஐந்துக்கு ஐந்து

பிப்ரவரி 3, திங்கள்
பல்கலைக்கழகத்தின் நோக்கம், விழுமியங்கள் பற்றி மாணவர்கள், பெற்றோர், ஊழியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டுமாம். மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. "இத முடிச்சுக் குடுங்க எழில்மொழி, பர்மனென்ட் பத்திப் பேசலாம்" என்றார் பதிவாளர். ஆறு வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். கணவர் பெனிட்டோ வேலை பார்த்த கம்பெனி மூடி எட்டு மாதம். மறுக்கிற நிலையிலா இருக்கிறேன்?

பிப்ரவரி 9, ஞாயிறு
ராயபுரத்தில் பெற்றோர் வீடுகளுக்குப் போனேன். துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் படிவத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். நேர்மை, சமத்துவம், அக்கறை. அக்கறையில் விரல் நின்றது.
"எம்பொண்ணு மஞ்சக்காமாலைல ரெண்டு மாசம் படுத்துகினு இருந்தா டீச்சரம்மா. அட்டெண்டன்ஸ் பத்தலைன்னு பரிச்ச எழுத வுடல. ஆஸ்பத்திரி சீட்ட எட்த்துகினு நாலு வாட்டி வந்தேன். கேட்டுக்குள்ளயே வுடல. இன்னா அக்கறை?"
எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஒன்று போட்டார். உள்ளே அவர் மகள் கிறிஸ்டினா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். என் வகுப்புப் பெண் இல்லை – எனக்கே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 12
கழிவறை சுத்தம் செய்யும் ஹில்டா அக்கா: "நோக்கமா? லிப்ட்ல நாங்க ஏறக் கூடாதுன்னு ஒட்டிகீதே, அதுவா?"

பிப்ரவரி 13
நிரப்பி வாங்கிய படிவங்கள் எல்லாவற்றையும் பதிவாளர் புரட்டினார். "இதக் கொண்டுபோனா நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்." புதுப் படிவக் கட்டு ஒன்றை மேசையில் வைத்தார். வெற்றுப் படிவங்கள்.

பிப்ரவரி 15
எழுதினேன். இருநூற்றுப் பத்தும். மூன்று பேனா மாற்றி. ஸ்டானிஸ்லாஸ் கையெழுத்தையும் நானே போட்டேன். அக்கறை – ஐந்துக்கு ஐந்து.

பிப்ரவரி 20
குழு சில பெற்றோரை நேரில் அழைத்தது. ஸ்டானிஸ்லாஸ் அண்ணனையும். சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். படிவத்தைக் காட்டினார்கள்.
"இது என் கையெழுத்து இல்லீங்க."
பதிவாளர் சிரித்தார். "படிப்பு கம்மி சார். மறந்திருப்பார்."
அண்ணன் தலை குனிந்துவிட்டது. ஐயோ, அந்தத் தலை! எந்திரிச்சிட்டேன். "நான்தான் சார் போட்டேன். எல்லாம் நான் எழுதினது. அவங்க எழுதினது என் பீரோவுல இருக்கு."
யார் சொல்லி எழுதினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 21
அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

மார்ச் 16
பதினோரு கல்லூரிக்கு விண்ணப்பித்தாயிற்று. பதில் இல்லை. பெனிட்டோ என்னோடு பேசுவதில்லை. போலிக் கையெழுத்து போட்டவளை யார் கூப்பிடுவார்கள்? நானே கூப்பிட மாட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி
ஸ்டானிஸ்லாஸ் அண்ணன் போன் செய்தார். "கிறிஸ்டினாவ பரிச்ச எழுத வுட்டாங்க டீச்சரம்மா! அந்த கமிட்டிக்காரங்ககிட்ட அன்னிக்கே சொன்னேன், எழுதிக் கேட்டாங்களாம். காலேஜ்ல உங்களத் தேடினேன், காணோமே. வேலைக்கு ஒண்ணும் ஆவலயே?"
"இல்லண்ணா. லீவுல இருக்கேன்."
மாத்தூர் ஜெராக்ஸ் கடையில் சேர்ந்து இன்றோடு நான்கு நாள். உள்ளேயிருந்து முதலாளி ராமசெல்வி கூப்பிட்டாள், யாரோ பிரின்ட் எடுக்க வந்திருக்கிறார்கள் என்று. போனை வைத்துவிட்டுப் போனேன்.