படிக்கட்டில் தொங்காத காலேஜ்

12 ஜூலை 2010, திங்கள்

காலையிலேயே வெயில். விழுப்புரம்–திண்டிவனம் பஸ் டூட்டி, போக வர நாலு சிங்கிள். இடையில் டீ கூட இல்லை.

வருகிற வெள்ளிக்கிழமை சென்னையில் மகள் ஸ்டெல்லாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங். ஒன்றும் விளங்கவில்லை. அவளுக்கு மெக்கானிக்கல்தான் வேண்டுமாம். "பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குங்க மெக்கானிக்கலு? கம்ப்யூட்டர்ல சேத்துடுங்க" என்கிறாள் அவள் அம்மா மேரி. போன மாதம் கிரைண்டர் பெல்ட் அறுந்தபோது மாற்றியது யாராம்? கட்டிய புருஷனா, மகளா?

காலேஜ் இரண்டு:
1. என் ரூட்டிலேயே. தினமும் வீடு.
2. சேலம் பக்கம். ஹாஸ்டல்.

என் ஓட்டு முதலாவதற்கு. பதினெட்டு வருஷ கண்டக்டர் நான். காலேஜை எடைபோடுவது படிக்கட்டை வைத்துத்தான். அந்த ஸ்டாப்பில் ஏறும் பையன்களில் ஒருத்தனும் தொங்குவதில்லை. சட்டையை இன் பண்ணி, வாயைத் திறக்காமல் நிற்பார்கள். தங்கம்!

13, செவ்வாய்

தூறல். இரண்டு ஜன்னல் ஷட்டர் இறங்கவில்லை. டிப்போவில் எழுதிக் கொடுத்தேன்.

முன்சீட்டில் அந்த ரூட் காலேஜில் படிக்கும் ஒரு பெண். மெக்கானிக்கல், மூன்றாம் வருஷம். காலேஜ் எப்படிம்மா என்றேன்.

"தொங்கினா ஃபைன்ண்ணா. பேசினா ஃபைன். லேப்ல மெஷினுங்கள கவர் போட்டு மூடி வச்சிக்கினு இருக்காங்க. இன்ஸ்பெக்‌ஷன் வந்தாதான் தொறப்பாங்க. நான் இன்னும் லேத் மெஷினத் தொட்டதே இல்ல."

டிக்கெட் போடாமல் இரண்டு ஸ்டேஜ் தாண்டிவிட்டேன். செக்கிங் ஏறியிருந்தால் செத்தேன். இத்தனை வருஷமாக எதைப் பார்த்து எடைபோட்டேனோ.

14, புதன்

சேலம் பக்கம் டூட்டி பார்க்கும் பழைய கூட்டாளி செல்வத்துக்குப் போன் போட்டு அந்த ஹாஸ்டல் காலேஜ் பசங்களைப் பற்றிக் கேட்டேன். "அந்தப் பசங்களா? பேஜாருப்பா! விசில் ஊதி ஊதி எனக்கு வாயே வலிக்குது, தொங்கிக்கினேதான் வருவானுங்க. கம்பியப் புடிச்ச எடமெல்லாம் கிரீஸு."

"பொண்ணுங்க?"

"அதுங்க கையும் கருப்புதான்."

இதற்குச் சந்தோஷப்படுவதா, பயப்படுவதா? மேரியோ, மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றி கம்ப்யூட்டர் சீட் கேட்கிறாள். நான் எதைக் கேட்க?

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதுகிறேன். லேப்பு, ஃபைனு எல்லாம் அப்புறம். காலையில் ஸ்டெல்லா என் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார வேண்டும், சாயங்காலம் என் வண்டியில் இறங்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

வாங்க: போட்டோ 4, ஜெராக்ஸ், அவளுக்குச் செருப்பு.

16, வெள்ளி

சென்னை. வெளியே புழுக்கம், ஹாலில் ஏசி. ஸ்டெல்லா மவுஸைப் பிடித்தாள். திரையில் இரண்டு காலேஜிலும் மெக்கானிக்கல் சீட் இருந்தது. அவள் அம்புக்குறி என் ரூட் காலேஜில் போய் நின்றது.

"இதுவே இருக்கட்டும்ப்பா. டெய்லி உன் பஸ்ஸுலயே வந்துடறேன்."

இந்த நோட்டைப் படித்துவிட்டாளோ?

"வேணாம்மா. தொங்கிக்கினு போற காலேஜையே போடு."

பக்கத்து டேபிள்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவள் சிரித்துக்கொண்டே சேலம் காலேஜை அழுத்தினாள், கண்ணில் தண்ணீர். வீட்டுக்கு வந்ததும் மேரி மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டாள். செய்தது சரியா தப்பா, சத்தியமாகத் தெரியவில்லை.

23 ஆகஸ்ட், திங்கள்

மழை. ஸ்டெல்லாவை ஹாஸ்டலில் விட்டு வந்து மூன்று நாள். இன்றுதான் டூட்டி.

முதல் சிங்கிள், நல்ல கூட்டம். முன்சீட்டில் ஓர் இடம் காலி. கூடையோடு ஓர் அம்மா உட்காரப் போனார். "ஆள் வருதும்மா" என்று சொல்லிவிட்டேன்.

திண்டிவனம் வரை அந்த அம்மா நின்றுகொண்டே வந்தார்.