அன்னிக்கு அந்தப் புடவையே இல்லை

ஆரணி
ஐப்பசி, ஞாயிறு

என் மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உங்க அப்பாவும் ஏதோ எழுந்து நடமாடிகினு இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தி தேவிப்ரியாவும் அந்த நாக்பூரில் நோய்நொடி இல்லாம இருக்கணும்னு புதுக்காமூர் சாமியைத் தினமும் வேண்டிக்கிறேன். போன் இருக்கப்ப லெட்டர் எதுக்குன்னு கேப்பே. போனில் நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ ஒம்போது சொல்றே, அதோட இதை வாயால சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. நாலாவது வரைக்கும் படிச்ச கை, எழுத்து கோணலா இருக்கும், கடைசி வரைக்கும் பொறுமையா படி.

இங்கே மழை பிடிச்சிகிச்சி, தறியில ஏத்தின பாவு நூல் ஈரம் வாங்காம பார்த்துக்கிறதே பெரிய பேஜாரா இருக்கு. அப்பாவுக்கு முட்டிவலி விடல, தறியில உட்கார்ந்தா எழுந்திருக்க என் தோள் வேணும். எனக்கும் இப்பல்லாம் அசதிதான். போன வாரம் போன் பண்ணப்ப, உங்க அபிதா அத்தை கண் ஆபரேஷனுக்காக மகன் ஹேமநாத் வீட்டுக்கு நாக்பூர் வரப்போறா, உன்னையும் ஒரு தரம் பார்க்க ஆசைப்படறான்னு நான் சொன்னதும் நீ எப்படி குதிச்சே. என் கையை வேக வச்சவ என் வாசப்படி மிதிக்கக் கூடாது, மயில்கழுத்துப் புடவையை இடுப்புல சொருவிகினு கொதிக்கிற சாய அண்டாவாண்ட அவ நின்னதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்னு சொன்னே. அப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான், பொய் சொல்லல. என் மகளாச்சே, ஒண்ணும் மறக்கலைன்னு நினைச்சேன்.

புதன்கிழமை அவ சேவூரிலிருந்து டவுன் பஸ் ஏறி வந்தா. கையில அதே மயில்கழுத்துப் புடவை. மடிப்புல இத்துப் போச்சு அண்ணா, ஊருக்குப் போறப்ப கட்டிக்கணும், இழை ஓட்டிக் குடுன்னு அப்பாகிட்ட குடுத்தா. நான் வழக்கம்போல மூஞ்சைத் திருப்பிகினு அடுப்பாண்ட போயிட்டேன். அவ போனதும் அப்பா அதை வெளிச்சத்துல பிரிச்சிப் பார்த்து, ஹேமநாத்துக்கு முதல் முடி இறக்கினப்ப தாய்மாமன் சீருக்குன்னு நெய்தது, நிறம் எப்படி நிக்குது பாருன்னார். என் கையில இருந்த கரண்டி அப்படியே நின்னுடுச்சி. உன் கை வெந்தது உனக்கு மூணு வயசுல, ஆடி மாசம். அத்தை கல்யாணமாகி முதல் ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்தா. ஹேமநாத் பிறந்தது அதுக்கு அடுத்த வருஷம் ஆவணியில. அன்னிக்கு அந்தப் புடவையே இல்லை அகல்யா. தறியிலயே ஏறல. இல்லாத புடவையை நானும் பார்த்திருக்கேன், நீயும் பார்த்திருக்கே.

நீ பார்க்கல கண்ணு, நான்தான் உன்னைப் பார்க்க வச்சேன். தழும்புக்கு எண்ணெய் தடவுறப்பல்லாம் சொன்னேன், தலை வாரும்போதெல்லாம் சொன்னேன். இந்தத் தெருவுல யார் வீட்ல எந்த வருஷம் என்ன நடந்துதுன்னு என்கிட்டதான் கேட்டுகினு வருவாங்க. எது போனாலும் ஞாபகம் போகாதவன்னு ஒரு பேரு, அது ஒண்ணுதான் என் சொத்து. அதுவே இப்படின்னா நான் யாருன்னு உட்கார்ந்துட்டேன். அப்பாவை விடாம பிடிச்சிக் கேட்டேன். புடவையை மடிச்சி வச்சிட்டு சொன்னார், நீதான் சாயத்துல பட்டு நூலைத் திருப்பிகினு இருந்தே, குழந்தை பின்னால வந்தது உனக்குத் தெரியல, குழந்தைதான் அண்டாவை இழுத்துட்டா, குழாயடியிலிருந்து அபிதா ஓடி வந்து வெறும் கையால அண்டாவைத் தள்ளினா, அவ உள்ளங்கையும் வெந்துச்சுன்னார். அந்தக் கொப்புளம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அதையே சாட்சியா வச்சிதான் அண்டாவைத் தொட்டவ அவதான்னு நாப்பது வருஷமா சொல்லிகினு வந்தேன்.

இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னு கத்தினேன். முதல்ல நான்தான் நான்தான்னு தலையில அடிச்சிகினு கெடந்தே, ஆறு மாசம் சோறு இறங்கல, ஒரு நாள் அவதான்னு ஆரம்பிச்சே, அன்னிக்குத்தான் தட்டு காலியாச்சு, அதனால நாங்க விட்டுட்டோம்னார். நாங்கன்னா யார் யாருன்னு நான் கேட்கல. உங்க அத்தையும் ஒரு தரம்கூட இல்லைன்னு சொன்னதில்லை. அது பெரிய மனசா, இல்ல என் பேச்சை ஒரு பேச்சாவே மதிக்காத திமிரான்னு இன்னும் எனக்கு விளங்கல. ஒண்ணு சொல்றேன், மத்த விஷயத்துல என் கோபம் கோபம்தான். உன் கல்யாணத்துக்குத் தாலி கட்டினப்புறம் ஆடி அசைஞ்சி வந்தாளே, அதை விடமாட்டேன், அதுக்கு வீடியோ இருக்கு.

ஆனா கண்ணை மூடினா இப்பவும் அண்டாவாண்ட அவதான் நிக்கிறா, அதே புடவையோட. பொய்னு தெரிஞ்சும் போகமாட்டேங்குது. அந்த இடத்துல என்னை நிறுத்திப் பார்க்கிறேன், நிக்கல. எனக்கு அதைவிட வேதனை வேற. தேவிப்ரியாவை நீ உன் மாமியார்கிட்டகூட ஒரு மணி நேரம் விட்டதில்லை, நல்ல வேலையை விட்டுட்டு வீட்ல உட்கார்ந்தே. சொந்தக்காரங்க கையை நம்பக்கூடாதும்மான்னு நீ சொல்றப்பல்லாம் என் பொண்ணு விவரமானவன்னு நினைச்சிகினு இருந்தேன். நான் பெத்தேன், அந்தக் கதைதான் உன்னை வளர்த்துது. என்மேல கோபப்படு, உனக்குப் பாத்தியதை இருக்கு. நாலு மாசம் பேசாம இருந்தாலும் பொறுத்துக்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்க ஆசீர்வாதம், நீங்க மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணையா ரொம்ப காலம் நல்லா இருக்கணும். குளிர் வருது, தேவிப்ரியாவைக் காது மூடிகினு போகச் சொல்லு. அத்தை அடுத்த வெள்ளிக்கிழமை ரயில் ஏறுறா. அப்பா இழை ஓட்டி முடிச்சிட்டார், அந்தப் புடவையைத்தான் கட்டிகினு உன் வீட்டுக்கு வருவா. கதவைத் திறந்ததும் உனக்கு அண்டா ஞாபகம் வரும், வரட்டும், கதவை மூடிடாதே. உள்ளே கூப்பிட்டு உட்கார வை. அவ உள்ளங்கையைத் திருப்பிப் பாரு. வலது கைன்னுதான் எனக்கு ஞாபகம், நாப்பது வருஷமா நான் அந்தக் கையைப் பார்த்ததில்லை. சரியான்னு நீ பார்த்துச் சொல்லு.

உன் அம்மா
தெய்வநாயகி