கோபுரத்தில் அமலியின் செங்கல்

14 ஆகஸ்ட் 1988, ஞாயிறு

துணி ஒன்றும் காயவில்லை. நாள் முழுக்க மூட்டம். அமலியின் துணிகளைக் கரியடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். எல்லாவற்றிலும் புகை வாடை. அவளுக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது போல. என் தோளைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். சரித்திரத்தில் பட்டம் வாங்கியவள் மாதிரியா இருக்கிறேன் என்று அவள் மூக்கைத் துடைக்கும்போது நினைத்தேன். நினைக்க நேரம் இருந்ததே பெரிசு.

பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் கூப்பிட்டார். பிப்ரவரியில் லூர்து மாதா திருவிழாவுக்குள் நம் கோவில் கோபுரம் முடிந்துவிடுமாம். திருவிழா மலர் ஒன்று போடப்போகிறார்கள். அதில் உலகத்திலேயே உயரமான தேவாலயங்களைப் பற்றி நான் எழுத வேண்டுமாம்.

"வேலைய விட்டாலும் டீச்சர் டீச்சர்தானேம்மா. கட்டறது வீட்டுக்காரர், எழுதறது நீங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் வீட்டுக்காரர் மனுவேல் சாரத்தில் நிற்பதை நான் பார்ப்பதே இல்லை. நேற்றுப் பார்த்துவிட்டேன். சவுக்குக் கம்பும் கயிறும்தான் சாரம். அதன் நுனியில் நின்று, சுவர் நேராக எழுகிறதா என்று தூக்குக்குண்டு விடுகிறார். சிவில் டிப்ளமோ படித்தவர், வேலையை எடுத்தவர், கீழே நின்று சொன்னால் போதாதா? கேட்டேன்.

"நான் ஏறாத எடத்துக்கு ஆளுங்கள எப்படி ஏறச் சொல்றது, லூர்து?"

பதில் எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

24 ஆகஸ்ட், புதன்

கான்வென்ட் நூலகத்துக்குப் போனேன். அற்புதம் சிஸ்டர் அமலியை இடுப்பில் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் இரண்டு கையும் எனக்கே. என்ன செய்வதென்று தெரியாமல் மேசைமேல் வைத்தேன்.

உலகத்திலேயே உயரமானது ஜெர்மனியில் உல்ம் என்ற ஊரில் இருக்கிறது. ஐந்நூற்று முப்பது அடி. நம்முடையது அறுபது. சிஸ்டர் சொன்னார், ஆப்பிரிக்காவில் இப்போது ஒன்று கட்டுகிறார்களாம், ரோமையே மிஞ்சுமாம்.

திரும்பும் வழியில் சாமியாரிடம் உல்மைச் சொன்னேன். அது லுத்தரன் சபையாச்சே என்று அவர் முகம் சுருங்கியது.

"முதல் எடம் அவங்களுதா? அப்ப ரெண்டாவதுல இருந்து ஆரம்பிச்சுக்கம்மா."

இரண்டாவது அதே ஜெர்மனியில் கொலோன். அது நம் கத்தோலிக்கச் சபையுடையதுதான். அங்கே வேலை நின்றுபோய், பாதிக் கோபுரத்தின் தலையில் கல் தூக்கும் மரயந்திரம் முந்நூறு வருஷத்துக்கும் மேல் அப்படியே நின்றதாம். அதன் கீழே பிறந்து, கல்யாணம் கட்டி, செத்தும் போயிருக்கிறார்கள். படித்ததிலேயே எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். ஒரு வேலை பாதியில் நின்றிருக்கிறது, யாரையும் யாரும் திட்டவில்லை.

8 செப்டம்பர், வியாழன்

மாதா பிறந்தநாள். கோவிலில் நிற்க இடமில்லை. பாதிப்பேர் பிள்ளைகளுக்கு நேர்ந்துகொண்ட செங்கல் நேர்ச்சைக்காக வந்தவர்கள்.

இதை யார் ஆரம்பித்தது என்று இப்போது கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். கோபுரத்தைச் சுற்றி ஒரு சுற்றுச் செங்கல் ஒரு பிள்ளையின் பேருக்கு. பிள்ளை முதல் செங்கலைத் தொட வேண்டும். அதை மனுவேலே மேலே கொண்டுபோய் வைப்பார், மீதியை ஆட்கள் கட்டுவார்கள். அந்த ஒரு கல் மேலே போய்ச் சேரும்வரை தாய்மார்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறார்கள்.

இன்று செம்மநத்தம் மலைக்கிராமத்திலிருந்து முத்தாயி வந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பையன், சின்னன். "நீங்க மாரியம்மனுக்குல்ல செய்வீங்க?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

"அங்கயும் செய்வோமுங்க, இங்கயும் செய்வோமுங்க. எனக்கு இருக்கறது ஒத்தப் புள்ள. ஒரு சாமிய மட்டும் நம்பி உட முடியுங்களா?"

சாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். சின்னன் கல்லைத் தொடவில்லை, உதைத்தான். அதுவும் சேர்த்தி என்று ஏற்றுக்கொண்டார்கள். அவனுக்கு முன்னால் பெயர்கள் நிறைய, அவன் கல் மேலே ஏற அடுத்த மாதம் ஆகுமாம்.

25 செப்டம்பர், ஞாயிறு

அறுபது அடி முடிந்தது. பெயர்கள் முடியவில்லை.

மனுவேல் வரைபடத்தை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனார். "வந்தவங்க புள்ளைய வேண்டாம்னு எந்த வாயால சொல்றது மனுவேல்?" என்று கேட்டாராம். அதோடு, கொஞ்சம் ஏறினால் சில்வர் ஓக் மரங்களுக்கு மேலே தெரியும், சேலத்திலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸிலேயே கும்பிடலாம் என்றாராம்.

"இன்னும் பத்தடி தாங்கும்" என்றார் இவர். என்னிடம் சொல்லும்போது சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கட்டுரையில் பிரான்சில் போவே என்ற ஊரைச் சேர்த்திருந்தேன். கட்டி முடித்து நாலே வருஷத்தில் கோபுரம் விழுந்துவிட்டது. எல்லாரும் பவனி போயிருந்ததால் பிழைத்தார்கள். சாமியார் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். "திருவிழா மலர்ல விழுந்த கதை எதுக்கும்மா? நிக்கறதாப் பாத்து எழுதுங்க."

சரி. நிற்கிறதைப் பார்த்து எழுதுகிறேன். என்னால்தான் நிற்க முடியவில்லை. இடுப்பு விட்டுப்போகிறது.

6 அக்டோபர், வியாழன்

எழுத முடியவில்லை. அமலிக்கு ஜன்னி.

9 அக்டோபர், ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டோம்.

வியாழன் மத்தியானம் உடம்பு கொதித்தது. கண் மேலே செருகிவிட்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. எஸ்டேட் ஜீப்பில் சேலத்துக்கு இறங்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் தலை என் கையில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போயிற்று. மாதாவே, என் பிள்ளையைக் கொடுத்துடு, கொடுத்துடு, உன் கோபுரத்தில் அவ பேருக்கு ஒரு சுற்று வைக்கிறேன். நான்தான் சொன்னேன். ஒவ்வொரு சுற்றுக்கும் மனசுக்குள் பதறிய நான்தான்.

தொண்டைப் புண்ணால் வந்த காய்ச்சல், குழந்தைகளுக்கு இப்படி வருவதுண்டு, பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். அவருக்கென்ன.

இன்று மனுவேலிடம் நேர்ச்சையைச் சொன்னேன்.

"நீயுமா லூர்து?"

"நானுந்தானுங்க."

17 அக்டோபர், திங்கள்

சின்னனுடைய சுற்றுக்கு மேலே அமலியின் சுற்று ஏறியது. கல்லைத் தொடச் சொன்னால் நக்கப் பார்த்தாள். அவள் அப்பா அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். நானும் அண்ணாந்து நின்றேன், மற்ற எல்லோரையும் போல.

இப்போதைக்கு அதுதான் உச்சி. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வேலை நின்றது.

30 அக்டோபர், ஞாயிறு

மழை. மழை. வேறொன்றுமில்லை.

3 நவம்பர், வியாழன்

விரிசல்.

கோபுரத்தின் பள்ளத்துப் பக்க மூலையில், ஆள் உயரத்தில், தலைமுடி மாதிரி. பூச்சில் மட்டும் இருக்கலாம், சுவரிலும் இருக்கலாம் என்றார் மனுவேல். அதன் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டியிருக்கிறார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். உடையாதவரை பயமில்லை.

"உடைஞ்சா?"

"உடையட்டும், அப்பறம் பாப்போம்."

எப்படி இந்த மனிதருக்குச் சாப்பாடு இறங்குகிறது? இறங்கவில்லை. தட்டைக் கழுவும்போது பார்த்தேன்.

8 நவம்பர், செவ்வாய்

அமலிக்குக் காற்று வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டு தினமும் போய்க் கண்ணாடியைப் பார்க்கிறேன். முழுசாக இருக்கிறது.

13 நவம்பர், ஞாயிறு

முழுசாக இருக்கிறது.

20 நவம்பர், ஞாயிறு

உடைந்துவிட்டது.

27 நவம்பர், ஞாயிறு

இன்று நேர்ச்சை வைத்தவர்களின் கூட்டம். மழையில் பள்ளத்துப் பக்கம் மண் இளகி அடித்தளம் இறங்கியிருக்கிறது என்று மனுவேல் சொன்னார். அறுபது அடிக்கு மேலே கட்டியதை இறக்கிவிட வேண்டும். மூலையில் ஆழமாகத் தோண்டி முட்டுச்சுவர் எழுப்ப வேண்டும். அதுவரை கோவிலுக்குள் யாரும் போகக்கூடாது.

அவர் முடிக்கவில்லை, ஆரம்பித்துவிட்டார்கள்.

"எங்க புள்ளைங்க பேரையா எறக்கப் போறீங்க?"

"வெச்ச நேர்ச்சைய யாராச்சும் பிரிப்பாங்களா? புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க தருவீங்களா?"

"டிப்ளமோ படிச்சவருக்கு மழை பேயும்னு தெரியாதாக்கும்!"

"அறுபதுக்கு மேல போனது என் தப்புத்தானுங்க" என்றார் இவர். தலையைத் தொங்கப்போட்டு அப்படி நிற்பதை நான் பார்த்ததே இல்லை. சாரத்தில் நின்றதைக்கூடப் பார்த்துவிடலாம் போலிருந்தது. "கேட்டது நான், அவரில்ல" என்றார் சாமியார். அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை.

நான் எழுந்து உல்ம் கதையைச் சொன்னேன். அங்கேயும் பூசை நேரத்தில் மேலேயிருந்து கல் விழுந்தது, கோபுரம் சாய ஆரம்பித்தது. அடியில் தோண்டிப் பலப்படுத்தினார்கள், பிறகு பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முந்நூறு வருஷம் கழித்து வந்தவர்கள்தான் முடித்தார்கள். இன்றைக்கு அதுதான் உலகத்திலேயே உயரம். நன்றாகத்தான் சொன்னேன், வகுப்பில் சொல்கிற மாதிரி.

முத்தாயி கேட்டாள்: "டீச்சருங்க, அந்த ஊர்க்காரங்க எறக்குனது புள்ளைங்க பேருங்களா?"

இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மனுவேல் கேட்டார், "உச்சியில இருக்கறது அமலியோடது. அதுதான் முதல்ல வரும். உனக்குச் சரியா?"

"சரியில்ல. இருந்தாலும் எறக்குங்க."

30 நவம்பர், புதன்

இறக்கினார். ஏறியபோது பிடித்திருந்த அதே மாதிரி மார்போடு பிடித்துக்கொண்டு. சாந்து ஒட்டிய கல்லைப் பார்த்து அமலி கை தட்டினாள். கீழே நின்றவர்கள் கல்லைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள்.

மற்றவர்கள் சம்மதிக்கும்வரை அடுத்த சுற்றைத் தொட முடியாது. அமலிக்கு அடுத்தது சின்னனுடையது. முத்தாயி பையனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இறக்குகிற செங்கற்களை, முட்டுச்சுவருக்காகத் தோண்டுகிற குழியிலேயே போட்டுக் கட்டலாம் என்று நான் சொன்னேன். "மண்ணுக்குள்ள போட்டா மாதா கண்ணுல படுமுங்களா?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

7 டிசம்பர், புதன்

ஊரே அமலியைப் பார்க்கிறது. கடையில், பஸ் ஸ்டாண்டில், குழாயடியில். "நல்லா இருக்குதா கண்ணு?" அன்பாகத்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு நெற்றியில் கை வைக்கிறார்கள். கையை எடுக்க ஏன் இத்தனை நேரம்?

இவளுக்கு ஏதாவது வந்தால் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். கோபுரம் அப்படியே நிற்கும், இவர் அதன் அடியில் தோண்டுவார். ஒரு பிள்ளை உடம்பில் எத்தனையைத்தான் ஏற்றுவது? ஏற்றியது யார்? நான்தானே.

11 டிசம்பர், ஞாயிறு

இருமுகிறாள். கதவைச் சாத்திவிட்டேன்.

15 டிசம்பர், வியாழன்

மார்புச் சளி. காய்ச்சல் இல்லை. இல்லவே இல்லை, மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தாகிவிட்டது. பால்காரியிடம் ஜன்னல் வழியாகவே பாத்திரத்தை நீட்டினேன். யாரிடம் ஒளிக்கிறேன், மாதாவிடமா?

18 டிசம்பர், ஞாயிறு

சந்தைக்கு வந்த முத்தாயி கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை. அமலி உள்ளேயிருந்து இருமினாள். ஊருக்கே கேட்கிற மாதிரி, மூச்சுவிடாமல். திறந்தேன்.

முத்தாயி முதுகில் சேலைத் தூளியில் சின்னன். உள்ளே வந்தாள், அமலி நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். அப்போது சின்னன் இருமினான். அமலியைவிடக் கரகரவென்று.

"இவனுக்கு எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"அது ஆச்சுங்க, பனி உழுந்ததுல இருந்து." பையனை இறக்கி அமலி பக்கத்தில் விட்டாள். இரண்டும் மாறி மாறி இருமின. அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவன் கல்லு இன்னும் மேலதானுங்களே இருக்குது?"

"மேலதான் இருக்கு."

"மேல இருக்கறதும் இருமுது, கீழ வந்ததும் இருமுது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எறக்கச் சொல்லிப்போடுங்க டீச்சர். குழியில வைக்கறப்போ நான் பாக்கோணும். அது மட்டும்."

கருப்பட்டிக் காப்பி போட்டேன். இரண்டு பிள்ளைகளுக்கும் தூதுவளை ரசம். அவள் போனபிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடிக்கவும் விடவில்லை, அமலி கூப்பிட்டுவிட்டாள்.

22 டிசம்பர், வியாழன்

சின்னனுடையது இறங்கியது. இருமல் செய்தி தாய்மார்களுக்குள்ளேயே பரவிவிட்டது. நானோ சாமியாரோ யாரிடமும் போய்ப் பேசவில்லை. கிளியூரிலிருந்து வந்த ஒருத்தி, "எங்களுதும் நாளைக்கே எறக்கிப்போடுங்க, அப்பறம் காப்பி பறிக்கப் போகோணும்" என்று அவசரப்படுத்தினாளாம். மனுவேல் சொல்லிவிட்டுச் சிரித்தார். சாப்பிட்டார்.

14 ஜனவரி 1989, சனி

குழியில் கல் அடுக்கி, நடுவே பிள்ளைகளின் செங்கற்கள். சின்னனுடையதும் அமலியுடையதும் பக்கத்தில் பக்கத்தில். முத்தாயி குழிக்குள்ளேயே இறங்கிவிட்டாள். நிமிர்ந்து ஏற முடியவில்லை, மூன்று பேர் தூக்கிவிட்டார்கள். மேல் சாரத்தைப் பிரிக்கிறார்கள்.

11 பிப்ரவரி, சனி

திருவிழா. அறுபது அடியில் கோபுரம். பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தெரியாது. மரங்களைத் தாண்டி வளைவு திரும்பிக் கிட்டே வந்தால்தான் தெரியும். மலரில் என் கட்டுரை வந்திருக்கிறது, இந்த முறை சாமியார் ஒன்றையும் வெட்டவில்லை. உல்ம் முதலாவதாக இருக்கிறது. விழுந்ததும் நின்றதும் இரண்டும் இருக்கிறது. பக்கமெல்லாம் அச்சுப்பிழைகள். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. சப்பரம் பார்க்கப் போய்விட்டார்கள்.

26 பிப்ரவரி, ஞாயிறு

நல்ல வெயில். துணி எல்லாம் வெளியே காய்ந்துவிட்டது.

பூசைக்குப் பிறகு சின்னன் முட்டுச்சுவர் ஓரத்து மண்ணில் குதித்துக்கொண்டிருந்தான். "எம்பட கல்லு! எம்பட கல்லு!" அமலியும் குதிக்கப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள், பட்டப்பகலில், தோளில் போட்டு ஆட்டாமலே. மனுவேல் சாமான் கொட்டகையைப் பூட்டிவிட்டுச் சாவியை ஆட்டிக்கொண்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

எழுந்து வரும்போது விரிசலின்மேல் புதிதாக ஒட்டிய கண்ணாடி வெயிலில் பளிச்சென்று கண்ணில் பட்டது. முழுசாக இருந்தது. அதைப் பார்க்க வேண்டும் என்று நான் போகவில்லை.