முன்னுரைக்கு வந்தவர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே என் மானம் ஒன்றைத் தவிர எல்லாரும் நலம், அங்கே உன் உடம்பு எப்படி என்று எழுது. நீ கூட்டிய ஆராய்ச்சிக் கூட்டத்தைக் கைபேசியில் பார்க்க உட்கார்ந்தவன், மைக் திறந்திருப்பது தெரியாமல் உன் அம்மாவிடம் 'அடியே, என் வாயு மாத்திரையை எங்க வெச்ச' என்று கத்தித் தொலைத்தேன், அது உங்கள் அரங்கம் முழுக்க ஒலித்து அத்தனை தேசத்து இளம் ஆராய்ச்சிக்காரர்களும் ஒருசேர நிமிர்ந்தார்கள், மொழி படித்தவர்கள் ஆயிற்றே, எந்த மொழியில் கேட்டாலும் வாயு புரிந்திருக்கும். 'அப்பா, மைக்கை அணைங்க' என்று நீ அனுப்பிய செய்தியை அம்மா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

அது போகட்டும். என் வாயுவாவது ஒரு நொடியில் அடங்கியது, உன் பேராசிரியருடையது பொழுது சாயும்வரை அடங்கவில்லையே. முன்னுரையாக நாலு வார்த்தை பேசக் கூப்பிட்டாய், மனுஷன் மைக்கைப் பிடித்த பிடியை விடவில்லை. 'பழைய மொழி எப்படி மாறிச்சுன்னு உதாரணம் எல்லார்கிட்டயும் மூட்டை மூட்டையா இருக்குப்பா, ஏன் மாறிச்சுன்னு கேக்கத்தான் ஆளில்ல, அப்படிக் கேக்கற சின்னவங்களை எல்லாம் ஒரு அறையில உக்கார வெக்கணும்' என்று கூட்டத்துக்கு முன்பே நீ சொன்னது பத்தாவதோடு நின்ற இந்த மண்டைக்கே ஏறியது. அந்தப் பேராசிரியத் திலகமோ தன் மூட்டையைத்தான் அவிழ்த்தது, போதாததற்கு 'கோட்பாடெல்லாம் தலை நரைச்ச பிறகு பாத்துக்கலாம், பசங்களா' என்று ஒரு சிரிப்பு வேறு, சொன்னவர் தலையில் அப்பியிருந்த சாயம் கைபேசியிலேயே பளபளத்தது. உன் சிநேகிதர்களும் லட்சணம்தான், பேருந்தின் முன்கண்ணாடிப் பொம்மைபோல் குலுங்கிக் குலுங்கித் தலையாட்டினார்கள். எங்கள் பணிமனைச் சங்கக் கூட்டத்தில் தலைவர் நீட்டினால் மின்விசிறியை நிறுத்திவிடுவோம், வேர்த்து விறுவிறுத்துத் தானே உட்காருவார், இவர்களுக்கு அந்தப் படிப்பும் இல்லை. நல்ல துணி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா 'நம்ம பொண்ணு எப்பங்க பேசுவா' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள், கடைசியில் நீ எழுந்து, நேரமில்லாததால் என் கட்டுரையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லி அவருக்கே நன்றியும் சொன்னாய்.

நேற்று போனில் 'அடுத்த வருஷக் கூட்டத்தை அவரே நடத்தறேங்கறார், குடுத்துடலாம்னு இருக்கேன்ப்பா' என்றாயே, அதிலிருந்து எனக்கு மாத்திரையும் வேலை செய்யவில்லை. உலை வைத்தவள் நீ, கரண்டி அவர் கையிலா? தூக்கம் கெட்டு நீ எழுதியதை இனி எந்தச் சபையில் சொல்வாய்? கொடுக்காதே. முடியாது என்று ஒரு வரி எழுதிப் போடு, காரணம் கேட்டால் தலை நரைத்த பிறகு சொல்கிறேன் என்று சொல்.

நன்றாக இரு, பாப்பா, உன் சொல் எட்டுத் திக்கும் எட்டட்டும். வேளைக்குச் சாப்பிடு, அந்த ஒரு வரியை மறக்காதே.

இப்படிக்கு,
மைக்கை அணைத்து வைத்திருக்கும் அப்பா

பின்குறிப்பு: அவர் பேச்சின் நடுவே கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றதும் மைக் பொத்தான்மேல் விரலை வைத்தேன். மாத்திரை கேட்ட ஆள்தானே என்று சிரிப்பார்கள், உனக்குத்தான் தலைகுனிவு என்று எடுத்துவிட்டேன். வாய்வரை வந்து நின்றது இவ்வளவுதான்: 'ஐயா, கொஞ்சம் உக்காருங்க, எங்க வீட்டுப் பொண்ணு இன்னும் பேசல.'